ஏரிப்பக்கம் இரண்டு தெரு

என் அலுவலக முகவரி இது:
ரோசால் சலவைக்கடை இருந்த இடத்திலிருந்து
ஏரிப்பக்கம் இரண்டு தெரு,
மேலே ஒன்று, பச்சை கேட்.
மனாகுவாவில் மேலே என்றால்
சூரியன் ஏறும் பக்கம்.
சலவைக்கடை நிலநடுக்கத்தில் போய்விட்டது,
நான் பிறப்பதற்கு முன்பே.
ஆனாலும் தினமும்
அங்கிருந்துதான் வேலைக்கு வருகிறேன்.

இரவு ஏழரைக்கு
ப்ளூஃபீல்ட்ஸிலிருந்து ஷெனெல்டா கூப்பிட்டாள்.
கடலோர மருத்துவமனையில்
தடுப்பூசிக் குளிர்பெட்டி அவள் பொறுப்பு.
"உன் நிரல் கோப்பைக் காணோம் என்கிறது, யஹோஸ்கா.
கோப்பு இதோ என் கண்ணெதிரே இருக்கிறது."

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைத் திறந்தேன்.
சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு,
அதற்குள் என் பெயர், என் மேசை,
என் சோம்பேறித்தனம்.
என் வீட்டுக்கு வழி எழுதி
அவள் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
அவளுடையது லினக்ஸ். அங்கே சி கிடையாது.
எல்லாம் ஒரே வேரில் தொடங்கும்,
கோடுகள் மறுபக்கம் சாயும்,
பசிபிக் காற்றுக்கு ஒரு சாய்வு,
கரீபியன் காற்றுக்கு ஒரு சாய்வு என்பதுபோல.
பாவம், அந்த இயந்திரம்
என் முகவரி முழுவதையும் ஒற்றைப் பெயராக வாசித்து,
தெருவும் ஊரும் கதவு நிறமும் சேர்ந்த பெயரில்
ஒரு பிள்ளையைத்
தெருவில் நின்று கூவித் தேடியிருக்கிறது.

அழித்தேன்.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, வகூனாஸ்.
ஒரு படி வெளியே வா,
பக்கத்து அறையில் தடுப்பூசிக் கணக்கு.
என் மேசையில் ஓடியது.
அவள் கையால் தட்டியபோதும் ஓடியது.
எட்டு மணிக்குத் தானாக எழுந்தபோது
காணோம் என்றது.

தானாக எழும் வேலை
அவள் கோப்புறையில் கண் விழிப்பதில்லை.
வேரில் விழிக்கிறது.
வேருக்கு வெளியே படி ஏது?
இரண்டு புள்ளியல்ல, இருபது வைத்தாலும்
வேர் வேரிலேயே நிற்கும்.

அப்போதுதான் ஓஸ்மின் போன்,
என் நகதமாலோடு மோட்டார்சைக்கிளில்.
"ஏரிப்பக்கம் இரண்டு தெரு வந்தேன்.
மேலே ஒன்று வந்தேன்.
டயர்கடைதான் இருக்கிறது, நாயும் இருக்கிறது."
"எங்கிருந்து எண்ணினாய்?"
"ரோசால் சலவைக்கடையிலிருந்து.
நெடுஞ்சாலையில் போன மாதம் திறந்தார்களே,
அதுதானே?"

அவன் எண்ணிக்கையில் பிழையில்லை.
நாய்கூட உண்மைதான்.

அவனுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி அனுப்பினேன்,
பாகை, கலை, விகலை,
எங்கே நின்றாலும் மாறாத புள்ளி.
நிரலுக்கு நேரெதிர்.
யார் உன்னை எழுப்பினார்கள்,
எங்கே நின்று எழுப்பினார்கள் என்று பார்க்காதே,
நீ எங்கே கிடக்கிறாய் என்று
முதலில் உன்னையே கேள்,
அங்கிருந்து எண்ணு என்றேன்.
கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை
அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும்.

ஒன்பது மணி.
"காணோம்" என்றாள் ஷெனெல்டா.
நான் அழவில்லை. நகதமாலைப் பிரித்தேன்.
"உன் வகூனாஸ் சின்ன எழுத்தில் ஆரம்பிக்கிறது"
என்று அவளே சொன்னாள்,
"இங்கே பெரிய எழுத்தில்."
என் கணினி இதையெல்லாம் கண்டுகொள்ளாது,
பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும்.
அவளுடையது பார்க்காது.
பாதி ராத்திரியில் கூட
எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும்.

பத்து மணிக்கு எண்கள் வந்தன.
நான்கு டிகிரி. நான்கு.
நான்கு புள்ளி இரண்டு, யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.
பிறகு மறுபடி நான்கு.
ஆறிய சோளமாவைத் தின்றபடி
இருவரும் போனில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மனாகுவா வந்தால் உன்னைப் பார்க்கிறேன்" என்றாள்.
"உன் அலுவலகம் எங்கே?"

சலவைக்கடை என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

"நீ எங்கிருந்து வருவாய்?"